ஊர் எழுதாத கல்

அந்த அம்மா முதன்முதலாக எங்கள் ஊருக்கு வந்த அன்று அவர் கையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. கண்ணுக்கு மருந்து விடுகிற பாட்டில் மாதிரி மூக்கு நீண்டது. மினி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோயிலோரம் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லைக் குனிந்து எடுத்தார். அதன்மேல் இரண்டு சொட்டு விட்டார். கல் புசுபுசுவென்று நுரைத்தது. நுரைத்ததைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். அவ்வளவுதான். அவர் எங்கள் தெருவுக்குள் வந்து சேர்வதற்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது.

அரியலூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதற்காகத்தான் சிமெண்டு ஆலைகள் வந்தன. ஆலைக்காரர்கள் ஓர் ஊருக்குள் வருமுன் அந்த பாட்டில்தான் வரும். கல்லில் ஆசிட் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள்; சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். பிறகு துளை போடுகிற வண்டி வரும். பிறகு ஜீப் வரும். அதற்கப்புறம் நிலம் நம்முடையதாக இருக்காது. ‘நொரைச்சா நெலம் போச்சு’ என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சே உண்டு.

நான் பிறந்த ஊர் அப்படித்தான் போனது. அப்பா கம்பு விதைத்த கொல்லை இன்று பெரிய பள்ளம். கொல்லை என்று நாங்கள் சொல்வது மானாவாரிப் புஞ்சையை. பள்ளத்தின் அடியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. சுற்றிலும் கம்பி வேலி. அண்ணன் குடும்பம் பெரம்பலூருக்குப் போய் வாடகை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு எனக்கு வரிசை கொண்டுவரும் அண்ணன், பஸ்ஸில் அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாராம். அண்ணிதான் சொன்னார்.

எனக்கு மிஞ்சியது, வாழ்க்கைப்பட்ட ஊரில் இருக்கிற ஒரே கொல்லை. புருஷன் போன பிறகும் நான் அதை விடவில்லை. ஒரு பட்டம் மக்காச்சோளம், ஒரு பட்டம் பருத்தி. திருமானூரில் கட்டிக்கொடுத்த மகள், “வித்துட்டு எங்ககூட வந்து இரும்மா” என்று போனில் சொல்லும்போதெல்லாம், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவேன்.

அந்தக் கொல்லையின் மேல்கோடியில் ஒரு பழைய சுண்ணாம்புக் காளவாய் நிற்கிறது. கிணற்றைத் தரைக்கு மேலே எழுப்பி வைத்தாற்போல வட்டமாக, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். மாமனார் காலத்தில் ஊர் வீடுகளுக்கெல்லாம் அதில்தான் சுண்ணாம்பு சுட்டார்கள். கொல்லையிலேயே கல்லைப் பொறுக்கி, கொல்லையிலேயே சுட்டார்கள் என்றால், அந்த மண்ணுக்கடியில் என்ன இருக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் காளவாயைப் பற்றி வெளியாள் முன்னால் நாங்கள் பேசுவதே இல்லை. சுற்றிலும் சீமைக்கருவேலை வளர்ந்து அதை மறைத்திருந்தது. நான் அதை வெட்டவும் விடவில்லை.

பாட்டிலோடு வந்த அம்மா அந்தக் காளவாயைத் தேடித்தான் வந்திருந்தார்.

எங்கள் வாசலில் நின்று, “வூட்ல யாருங்க?” என்று கூப்பிட்டார். புதிய ஆள் வந்தால் எனக்கு நாக்கு எழாது. கதவுக்குப் பின்னால் நின்றபடி எப்போதும் சொல்கிறதையே சொன்னேன்.

“வூட்ல ஆம்பள இல்லீங்க.”

“ஆம்பளகிட்ட எனக்கு வேல இல்லக்கா. உங்க ஊர்ல பழைய சுண்ணாம்புக் காளவாய் ஒண்ணு இருக்காமே?”

அக்கா என்றதும் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினேன். என்னை அக்கா என்று கூப்பிட்ட ஆபீஸ்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். கைநாட்டோ கையெழுத்தோ வாங்கும் வரைக்கும்தான் அந்த உறவு.

அதற்குள் என் கொழுந்தனார் அடுத்த வீட்டிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய கொல்லையும் என்னுடையதும் ஒரே வரப்பு.

“மேடம் எந்த கம்பெனிங்க?”

“கம்பெனி இல்லீங்க. மியூசியம்.”

“அப்படின்னா?”

“பழைய பொருளயெல்லாம் சேத்து, நாலு பேரு பாக்குற மாதிரி வெக்கிற எடம். டவுன்ல பழைய அரிசி மில்லு ஒண்ணு இருக்குல்ல, அதுல ஆரம்பிச்சிருக்கோம்.”

“ஓகோ. புது நெலம் கம்பெனிக்கி, பழைய பொருளு உங்களுக்கா? பாகம் பிரிச்சிக்கிட்டீங்களா?”

அந்த அம்மா சிரித்தார். கோபப்படவில்லை. கோபப்படாததும் எனக்குப் பிடிக்கவில்லை.

“காளவாயெல்லாம் இங்க இல்லீங்க மேடம். எங்க நெலத்துல கல்லே கெடயாது. வெறும் மண்ணு” என்றார் கொழுந்தனார். அவர் சாய்ந்து நின்ற சுவரே எங்கள் கொல்லைக் கல்லால் கட்டியது. அந்த அம்மா சுவரை ஒரு பார்வை பார்த்தார்.

போகும்போது தெருவில் இருந்தவர்களிடம் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்தார். “உங்க உங்க கொல்லையில என்ன கல்லு கெடக்குதோ, ஒண்ணே ஒண்ணு போட்டு வையுங்க. சனிக்கிழம வந்து வாங்கிக்கிறேன். யாரு கொல்லன்னு பேரும் ஊரும் எழுதி, கண்ணாடிக்குள்ள வெப்போம்” என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதுதான் எங்கள் பழக்கம். அந்த வாரம் பொம்பளைகள் ஆளுக்கொரு பையோடு ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே வெங்கச்சங்கல் கிடக்கும். வெள்ளையாக, வழவழப்பாக, பார்க்க அழகாக இருக்கும். எவ்வளவு சொட்டு விட்டாலும் நுரைக்காது. ஏரி அரசாங்கத்தினுடையது. போனால் அரசாங்கத்தினுடையது போகட்டும். என் ஓரகத்தி, கொழுந்தனார் மனைவிதான், மடியில் கட்டிக்கொண்டு வந்து எல்லாருக்கும் பங்கு வைத்தாள்.

சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். பழைய சாக்கு ஒன்றை எங்கள் வாசலில் விரித்து எல்லாக் கல்லையும் பரப்பினார். ஒவ்வொன்றாகச் சொட்டு விட்டார். ஒன்றும் நுரைக்கவில்லை. தெருவே சுற்றி நின்று, பரீட்சையில் பிள்ளை பாஸானதுபோல மூச்சுவிட்டது.

“இது யாரு கொல்ல?”

“எங்க கொல்லைங்க.”

“இது?”

“அது கெழக்க, எங்க மாமாவோடது.”

“இது?”

“அது எங்களது மேடம்” என்றாள் ஓரகத்தி. “ரொம்ப ஒசத்தியான கல்லு. எங்க மாமியாரு சீதனமாக் கொண்டாந்தது.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு கல்லையெல்லாம் ஒரு பக்கமாகக் குவித்துவிட்டுச் சொன்னார்:

“ஏங்க, மேக்க ஒரு கொல்ல, கெழக்க ஒரு கொல்ல, எல்லாத்துலயும் ஒரே அண்ணன் தம்பி மாதிரி ஒரே கல்லா? அதுவும் தண்ணில உருண்டு உருண்டு வழவழன்னு ஆன கல்லு. உங்க கொல்லையெல்லாம் என்னா ஏரிக்குள்ளயா இருக்கு?”

ஓரகத்தி மெல்ல என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

“நான் இருவது வருஷத்துக்கு மேல லேப்ல கல்லத்தான் பாத்தேன். என்கிட்ட சந்தேகப்பட்டா உங்க மேல தப்பில்ல. ஆனா எனக்கும் சந்தேகப்படுறதுதான் தொழிலு” என்றார். கல்லைத் திரும்ப யாரிடமும் கொடுக்கவில்லை. அப்படியே என் வாசலில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

லேப் என்ற வார்த்தையை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஊருக்குள் அவருக்கு லேப் அம்மா என்று பேர் விழுந்தது.

அவரைப் பற்றி ஊருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தி வந்து சேர்ந்தது. பெரம்பலூர்க்காரர். அப்பா கவர்மெண்டு பஸ்ஸில் கண்டக்டர். திருச்சியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஒரு சிமெண்டு ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தார். அந்த லேப்பில் அவர் சேர்ந்தபோது வேறு பொம்பளையே இல்லையாம். ராத்திரி ஷிப்டெல்லாம் பார்த்திருக்கிறார். வேலையில் இருக்கும்போதே, அந்தக் காலத்து மனுஷர்கள் இந்தக் கல்லை எப்படிச் சுட்டார்கள், கடுக்காயும் வெல்லமும் போட்டு எப்படி அரைத்தார்கள், அவுரியிலிருந்து நீலம் எப்படி எடுத்தார்கள் என்று தேட ஆரம்பித்தாராம். லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்ப் பழைய காகிதங்களைப் படிப்பாராம். தபாலில் சரித்திரம் படித்து இன்னொரு பட்டமும் வாங்கினார். பத்திரிகையில் எழுதினார். கடைசியில் ஆலை வேலையை விட்டுவிட்டார். ஒரு கல்லூரிக்காரர்கள் பழைய அரிசி மில்லைக் கொடுத்து, மியூசியம் வையுங்கள் என்றார்கள்.

இதிலெல்லாம் எனக்குச் சந்தேகம் இல்லை. வேலையை ஏன் விட்டார் என்பதில்தான் சந்தேகம். கொழுந்தனாரிடம், தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்ததால் விட்டேன் என்றார். பஸ் ஸ்டாப் டீக்கடையில், தனக்குப் பின்னால் சேர்ந்த ஆம்பளைகளுக்கெல்லாம் மேல் வேலை கொடுத்தார்கள், தனக்குக் கொடுக்கவில்லை என்றாராம். ஓரகத்தியிடம், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது என்றார். ஒரே ஆள் ஒரே வேலையை விட மூன்று காரணமா? வேலையை விட்டவருக்கு ஒரு காரணம் போதும். விடாதவருக்குத்தான் மூன்று தேவைப்படும். ஆலைக்காரர்களே மியூசியம் என்று பேர் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அவர் வருவதை நிறுத்தவில்லை. சனிக்கிழமையானால் மினி பஸ்ஸில் வந்து இறங்குவார். யார் வாசலிலாவது உட்கார்ந்து, சுண்ணாம்பு அடிக்க என்ன மட்டை வைத்திருந்தீர்கள், வெற்றிலைச் சுண்ணாம்பில் வாய் வெந்தால் என்ன போடுவீர்கள் என்று விசாரிப்பார். காளவாயைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை. கேட்கிறவர்களைவிடக் கேட்காமல் வருகிறவர்களிடம்தான் பயப்பட வேண்டும். வரப்பில் நான் களை எடுத்துக்கொண்டிருந்தால், எட்ட நின்று கருவேலங்காட்டைப் பார்ப்பார். நான் நிமிர்ந்தால், “சோளம் நல்லா வந்திருக்குக்கா” என்பார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்காது.

கடைசியில் ஓரகத்திதான் வழி சொன்னாள். “ஏன்க்கா, இம்புட்டு ரோசனை? டவுன்ல மியூசியம் இருக்கா இல்லியான்னு போயிப் பாத்துட்டு வந்துடுவோம். இருந்தா இருக்கு. இல்லன்னா அந்தம்மா இனிமே இந்தப் பக்கம் வரட்டும், நான் பாத்துக்குறேன்.”

ரேஷன் கார்டு வேலை என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் அரியலூர் பஸ் ஏறினோம். அரிசி மில் இருந்தது. புகைபோக்கி அப்படியே நின்றது. நெல் காயவைத்த களத்தில் புதிதாகச் சிமெண்டு பூசி, போர்டு வைத்திருந்தார்கள். போர்டில் அருங்காட்சியகம் என்று இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஐந்தாவதோடு நிறுத்தினாலும் பெரிய எழுத்தைப் படித்துவிடுவேன். லேப் அம்மா எங்கோ வெளியூர் போயிருக்கிறார் என்று பெருக்கிக்கொண்டிருந்த பெண் சொன்னாள். நாங்கள் வந்ததும் அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகள். கழுத்து வளைந்த கொக்கு மாதிரி கண்ணாடிப் பாத்திரங்கள். மூச்சுக் காற்று பட்டால்கூட ஆடும் என்று கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்த ஒரு தராசு. ஓரகத்தி அதைப் பார்த்து, “எங்க வூட்டுக்காரரோட பொறுமைய இதுல நிறுக்கலாம்க்கா” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டேன்.

அதில் வரிசையாகக் கல்லும், சுண்ணாம்புக் கட்டியும், காளவாய்ச் செங்கல்லும் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. சீட்டில் பொருளின் பேர் சின்னதாகவும் ஊர்ப் பேர் பெரிதாகவும் எழுதியிருந்தது. தா.பழூர் என்று ஒன்றில். திருமானூர் என்று ஒன்றில். அதன் கீழே யார் நிலம், ஊருக்கு எந்தப் பக்கம் என்பதுவரைக்கும் இருந்தது. கடைசித் தட்டு காலியாக இருந்தது. காலித் தட்டிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பேர்.

கல்லை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. அதற்குள் பேர் எழுதியாகிவிட்டது.

“கொழந்த பொறக்குறதுக்கு முன்னாடி தொட்டில் கட்டக் கூடாதும்பாங்க” என்றாள் ஓரகத்தி. அவளுக்கும் அதற்குமேல் விளையாட்டு வரவில்லை.

திரும்பும்போது வாசல் சுவரில் ஒரு போட்டோவைப் பார்த்தேன். துளை போடுகிற வண்டி. பக்கத்தில் தலையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பொண்ணு. பின்னால் ஒட்டிப்பிறந்த மாதிரி இரண்டு பனைமரம். ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து. அந்தப் பனைகளின் கீழேதான் நானும் என் அண்ணனும் நுங்கு தின்றோம். லேப் அம்மாவின் முகத்தை எங்கே பார்த்தேன் என்று அப்போது பிடிபட்டது. மகளைப் பெறுவதற்காக நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜீப்பிலிருந்து இறங்கின கூட்டத்தில் அந்தப் பொண்ணு ஒருத்திதான் பொம்பளை. அதனாலேயே ஊர் அவளை வேடிக்கை பார்த்தது.

பஸ்ஸில் நான் போட்டோ விஷயத்தைச் சொன்னதும் ஓரகத்தி சொன்னாள், “ஒளிக்கிறவ போட்டோவ மாட்டி வெப்பாளாக்கா?”

“மாட்டி வெச்சா யாரும் கேக்க மாட்டாங்கன்னு மாட்டியிருப்பா.”

“நீ ஒருத்தி. கடவுள் வந்து வரங் குடுத்தாலும் ஆதார் கார்டக் காட்டுன்னு கேப்ப.”

அடுத்த சனிக்கிழமை லேப் அம்மா வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரு படித்த ஆளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ரெட்டப் பனை இருக்குற ஊருக்கு ஜீப்புல வந்தது நீங்கதானுங்களா?”

சொம்பைக் கீழே வைத்தார். “நாந்தான்க்கா. அது உங்களுக்கு எப்படி…”

“எங்க அப்பா வூடு.”

அடுத்த வீட்டு வாசலில் கொழுந்தனார் நியூஸ்பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

“சொல்றேன்க்கா” என்றார் அவர். “லேப்புக்குக் கல்லு வராது. பொடியா, பொட்டலமா வரும். பொட்டலத்து மேல நம்பர் மட்டுந்தான் போட்டிருக்கும். ஊரு பேரு இருக்காது. யாரு கொல்லன்னும் இருக்காது. நான் சோதிச்சுப் பாத்து, இது நல்ல கல்லு, இது சுமார்னு நம்பருக்கு நேரா எழுதிடுவேன். சேந்த புதுசுல, இதெல்லாம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்னு ஆச. ஒரு நாளு ஜீப்புல எடம் இருந்துச்சு, ஏறிட்டேன். போட்டோல்லாம் புடிச்சிக்கிட்டேன். அங்க ஒரு அம்மா, வெயில்ல நிக்கிறியேம்மான்னு மோர் கொண்டாந்து குடுத்தாங்க. குடிச்சிக்கிட்டே, இது யாரு கொல்லம்மான்னு கேட்டேன். எங்களதுதான்னாங்க. அதுக்கு முந்துன வாரந்தான் அந்த நம்பருக்கு, நல்ல கல்லுன்னு நான் எழுதியிருந்தேன்.”

மோர் கொடுத்தது என் அண்ணியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எங்கள் ஊரில் யார் வந்து நின்றாலும் மோர் கொடுப்பார்கள். துளை வண்டிக்காரனுக்கும் கொடுத்தார்கள்.

“அன்னைக்கே வேலைய விட்டுட்டீங்களா?”

“இல்லக்கா. சம்பளம் வேணுமே. அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா பாத்தேன். பொட்டலம் வந்துச்சு, எழுதுனேன். இருமலு, மாமியாரு, மேல் வேல குடுக்காதது, எல்லாமும் சேந்துதான் விட்டேன். ஆனா மியூசியத்துல ஒரு பொருளுகூட ஊரு பேரு இல்லாம வெக்கக் கூடாதுன்னு அந்த மோரு குடிச்சப்பவே நெனச்சதுக்கா.”

அன்றே விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சம்பளம் வேண்டும் என்று சொன்னதைத்தான் நம்பினேன். அதையும் முழுசாக இல்லை.

“எங்க கொல்லையில என்னா இருக்குன்னு ஆலைக்குத் தெரியுங்களா?”

“எப்பவோ தெரியும்க்கா. பொய் சொல்ல மாட்டேன். இந்த வட்டாரம் முழுக்க அவங்ககிட்ட கணக்கு இருக்கும். காளவாயைப் பாத்துட்டு வந்து எடுப்பாங்கன்னு இல்ல.”

“தெரிஞ்சவங்க தெரிஞ்சதோட இருக்கட்டும். நீங்க அதச் செவுத்துல எழுதி ஊருக்குக் காட்டாதீங்க.”

கொழுந்தனார் இதற்குமேல் அடுத்த வாசலில் இருக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டார். “அண்ணி சொல்றது சரிங்க மேடம். நீங்க பேரு போட்டு வெச்சா, நாளைக்கி எவனாவது அதக் கைகாட்டி, ‘அவங்களே குடுத்துருக்காங்க பாரு’ம்பான். எங்க சம்மதம்னு ஆயிடும்.”

“அது அப்படி ஆகாதுங்க.”

“ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஜீப்புல வரவனுக்குத் தெரியுமா?”

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ்ஸுக்கு நேரமிருந்தும் கிளம்பினார். வாசலைத் தாண்டும்போதுதான் எனக்கே தெரியாமல் என் வாய் திறந்தது.

“காளவாயப் பாருங்க. வேணுங்கிறத எடுத்துக்குங்க. ஊரு பேரு மட்டும் போடக் கூடாது. எங்க பேரும் கூடாது. அந்தக் காலித் தட்டுல ஒட்டியிருக்கிற சீட்டயும் கிழிச்சிடணும்.”

அவர் திரும்பினார். நாங்கள் மியூசியத்துக்குப் போயிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சுருங்கிவிட்டது.

“அக்கா, அத மட்டும் கேக்காதீங்க. ஊரு பேரு இல்லாம வெச்சா அதுக்குப் பேரு பொட்டலம். திரும்பவும் நான் நம்பரப் போட்டு வெக்கிற வேலதான். அதுக்கா இவ்வளவு வருஷம் அலைஞ்சேன்?”

“எங்க அப்பா கொல்ல பொட்டலமாத்தான் போச்சு” என்றேன். “அப்ப பேரு போடலன்னு வருத்தப்பட்டீங்க. இப்ப பேரு போட்டு இதுவும் போச்சுன்னா?”

இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் வாசலில் நிற்பது கதவு இடுக்கில் தெரிந்தது. ஒரு பஸ் வந்து போனது. அவர் ஏறவில்லை.

பிறகு கதவைத் தட்டி, “அருவா இருந்தா எடுத்துக்கிட்டு வாங்கக்கா, முள்ள வெட்டணும்ல” என்றார்.

கொழுந்தனார் கருவேலையை வெட்டி ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நானும் அன்றுதான் அடிப்பக்கத்துத் திறப்பு வழியாகக் காளவாய்க்குள் எட்டிப் பார்த்தேன். உள்சுவர் தீயில் உருகிப் பச்சையும் கருப்புமாகக் கண்ணாடி போல மின்னியது. அவர் தடவித் தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து நாக்கிலும் வைத்துப் பார்த்தார். ஓரகத்தி என் விலாவில் இடித்து, “உப்பு பாக்குது” என்றாள். பெயர்ந்து கிடந்த ஒரு துண்டை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். பாட்டிலைத் திறக்கவில்லை. திறப்பாரா என்றுதான் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது வெட்டின முள்ளை வழியிலேயே இழுத்துப் போட்டு மறைக்கச் சொன்னேன். அவரும் சேர்ந்து இழுத்தார்.

அந்தச் சோளம் அறுத்த பிறகு நான் தனியாக அரியலூர் போனேன். நேராக அரிசி மில்லுக்குத்தான். கடைசித் தட்டில் எங்கள் காளவாய்த் துண்டு இருந்தது. மேலே விளக்கு போட்டிருந்ததால் பச்சை நன்றாக மின்னியது. கீழே புதுச் சீட்டு. ‘சுண்ணாம்புக் காளவாயின் உட்சுவர்த் துண்டு’ என்று இருந்தது. அடுத்த வரியில் ‘ஊர்’ என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, மீதியைக் காலியாக விட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. காலி இடம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாமே.

அன்று அவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

“இந்த ஊருங்கிறதயும் அழிச்சிடுங்க” என்றேன்.

“அக்கா, அது மட்டும் இருக்கட்டும். ஊரே இல்லாத கல்லுன்னு யாரும் நெனச்சிடக் கூடாது. ஊரு இருக்கு, சொல்லலன்னு தெரியட்டும்.”

“யாராவது கேட்டா?”

“கேக்கத்தான் செய்றாங்க. கொடுத்தவங்களுக்கு விருப்பமில்லன்னு சொல்றேன்.”

“நீங்க மறந்து சொல்லிட்டா? உங்களுக்கு அப்புறம் வரவங்க?”

சத்தியம் பண்ணியிருந்தால் எனக்குக் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பண்ணவில்லை. பிறகு மெதுவாக, “நீங்களே அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்கக்கா” என்றார்.

கொல்லை இன்றும் என் பேரில்தான் இருக்கிறது. இந்தப் பட்டம் பருத்தி. காளவாயைச் சுற்றிக் கருவேலை முன்பைவிட அடர்த்தியாக மண்டிவிட்டது. ஒரு ஜீப் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பினால் இன்னும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அது பால் பண்ணை ஜீப்பாகவே இருந்தாலும்.

டவுனுக்கு எந்த வேலையாகப் போனாலும் அரிசி மில்லுக்குள் ஓர் எட்டு நுழைந்து, கடைசித் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பெருக்குகிற பெண்ணுக்கு என் முகம் பழகிவிட்டது. “உங்க கல்லு பத்தரமா இருக்கும்மா” என்பாள். அது என் கல் என்று அவளுக்கு யார் சொன்னது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துப் பார்க்கிறேன். ஊர், இரண்டு புள்ளி. அதற்கப்புறம் இதுவரைக்கும் ஒன்றும் இல்லை.